தஸ்தகீர் பாய் இறக்கி வைத்த அரை அங்குலம்

செய்தி வந்தபோது நான் ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். துக்கம் அதற்கப்புறம்தான் வந்தது. கட்டிப்பிடித்தது கால் எட்டாததால்.

என் சைக்கிளை ஓவராயிலிங்குக்காக தஸ்தகீர் பாயிடம் விட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. மூன்று நாளில் தருகிறேன் என்றவர் தரவில்லை. நான் ஆபீசில் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இருப்பவன். தபால் கட்டைக் கேரியரில் வைத்துக்கொண்டு தேனாம்பேட்டைக்கும் மயிலாப்பூருக்கும் அலைகிற பிழைப்பு. அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் இருபத்துநாலு அங்குல வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு, பாயை நாலு வார்த்தை திட்டிவிட்டு வருவது என்று மேற்கு மாம்பலத்திலிருந்து கிளம்பினேன். வழியெல்லாம் அந்த நாலு வார்த்தையைத்தான் ஒத்திகை பார்த்தேன். என் உயரம் நாலடி பதினோரு அங்குலம். ஆபீஸ் ரிக்கார்டில் ஐந்தடி என்று இருக்கும். சர்டிபிகேட் கொடுத்த டாக்டர் நல்ல மனுஷர். அந்த உயரத்துக்கு அந்த வண்டியில் ஏறலாம், ஓட்டலாம், நிறுத்த மட்டும் முடியாது. சித்திரக்குளத்துப் பக்கத்துச் சந்தில் பாயின் கடை மூடிக் கிடப்பதைப் பார்த்ததும் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். அப்புறம் தொற்றிக்கொள்ள அந்தக் கம்பம்தான் கிடைத்தது.

எதிர்ச்சாரி சோடாக்கடை முனுசாமி எட்டிப் பார்த்தான்.

“இன்னா சார், உனுக்கு விசயமே தெரியாதா? பாய் பூட்டாரு சார். போன வெள்ளிக்கெழம. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போனாங்கோ. அவ்ளோதான்.”

கம்பத்தை விட்டால் விழுவேன். விடாமல் இருந்தால் கையெடுத்துக் கும்பிடக்கூட முடியாது. முனுசாமியே ஓடி வந்து, “எறங்கு சார், நான் வண்டிய புட்ச்சிக்கறேன்” என்று பிடித்த பிறகுதான் தரைக்கு வந்தேன். திட்டுவதற்கு வைத்திருந்த நாலு வார்த்தையும் வாய்க்குள்ளேயே இருந்தது.

பாயைத் தெரிந்தவர்கள் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அடையாற்றிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டு விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம், அது வேண்டுமென்றே வைத்தது. என் உயரத்தில் ஒருவன் கோபப்பட்டால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புதான் வரும். சின்ன வயசிலேயே அது தெரிந்துபோய், அவர்கள் சிரிப்பதற்கு முந்தி நானே சிரித்துவிடுவது என் பழக்கம். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தி. நகரில் நடந்த இரங்கல் கூட்டத்தில், பாயின் போட்டோவுக்கு மாலை போட்ட கையோடு, அவரைப் பற்றி ஒரு பொய்யைச் சொன்னார்கள். அது என்ன பொய் என்பதற்கு வருகிறேன். முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

பாயை நான் முதலில் பார்த்தது அறுபத்தெட்டு வாக்கில். அப்போது என்னிடம் இருந்ததும் இருபத்துநாலு அங்குல வண்டிதான். ஆம்பிளை என்றால் அதுதான் வண்டி என்று நினைத்து வாங்கியிருந்தேன். மாம்பலத்திலிருந்து லஸ் வரைக்கும் எந்த முனையில் கால் ஊன்றக் கல் இருக்கிறது, எந்தக் கடைப் படி உயரம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கல் இருக்கிற இடத்தில்தான் நிற்பேன். தெரிந்தவர்கள் நடுத்தெருவில் கூப்பிட்டால் கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். ரொம்பக் கர்வம் பிடித்தவன் என்று பேர் வாங்கியிருந்தேன். ஒரு நாள் பங்க்சர் ஒட்ட பாயின் கடை வாசலில் இறங்கினேன், அதாவது விழுந்தேன். அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் வண்டியைப் பார்த்தார்.

“யார் வண்டி சார் இது?”

“என்னோடதுதான் பாய்.”

“அண்ணன் வண்டியா?”

“இல்ல, நானே வாங்கினேன்.”

“வாங்கினே, சரி. யாருக்கு?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் முந்திக்கொண்டு சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. அவர் ஆறடிக்கு மேல் ஒரு அங்குலம். கடைக்குள் எப்போதும் தலையைக் குனிந்துகொண்டுதான் நடப்பார். “இதுல சிரிக்க இன்னா கீது?” என்று எல்லாரையும் ஒரு அதட்டுப் போட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: “எனுக்கு எந்த வண்டியும் சின்னது சார். இருவது வருசம் முட்டிய மடக்கிக்கினே ஓட்டினேன், இப்போ ரெண்டு முட்டியும் போச்சு. தொழுவச் சொல்ல குந்த முடியல. உனுக்கு முதுவு போவும். நெட்டைக்கி ஒரு எடம், குட்டைக்கி ஒரு எடம், அவ்ளோதான் வித்தியாசம்.”

வண்டியைக் காட்டுவதற்கு முன்னால் ஆளை அளக்கிற மனுஷரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றி, சுவரோடு முதுகை ஒட்டி நிற்கச் சொல்வார். ஒரு தடித்த பழைய டெலிபோன் டைரக்டரியைக் கால்களுக்கு நடுவில் வைத்து மேலே முட்டுகிற வரை இழுத்துப் பிடிக்கச் சொல்வார். அதன் விளிம்பு சுவரில் படுகிற இடத்தில் சாக்பீசால் ஒரு கோடு. அங்கிருந்து தரைக்கு டேப். அது காலுக்கு. பிறகு முழங்கையை சீட்டின் மூக்கில் வைத்து விரலை முன்னால் நீட்டச் சொல்வார். விரல் நுனி ஹேண்டில்பாரைத் தொட வேண்டும். என் விரல் தொடவில்லை, நாலு விரற்கடை பாக்கி இருந்தது.

“சீட்ட எறக்கினா கால் எட்டிடும். அத்த ஊரே பாக்குது. கை எட்டுதான்னு எவன் சார் பாக்கறான்?”

அவர் எனக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது இருபது அங்குல வண்டி. ஸ்கூல் பையன் வண்டி மாதிரி இருக்கிறதே என்று கூச்சப்பட்டேன். மறுநாள் லஸ் முனையில் போலீஸ்காரர் கை காட்டினார். பழக்க தோஷத்தில் கல்லைத் தேடினேன், கல் இல்லை. காலைக் கீழே விட்டேன். தரை இருந்தது. நடுரோட்டில், எதையும் தொற்றிக்கொள்ளாமல், முப்பத்துமூன்று வயதில் முதல் தடவையாக நின்றேன். போலீஸ்காரர் போகச் சொன்ன பிறகும், பின்னால் பஸ் ஹார்ன் அடிக்கிற வரைக்கும் நின்றேன்.

இவ்வளவு பட்டவன் திருந்தியிருக்க வேண்டாமா? எங்கள் வீட்டில் எதையும் ஒரு அளவு கூட்டித்தான் வாங்குவோம். என் பெண் கலாவின் யூனிபாரத்துக்குக் கீழே மூன்று மடிப்பு இருக்கும், ஷூவுக்குள் பஞ்சு இருக்கும். வளர்கிற பிள்ளை, வளர்ந்தால் சரியாகிவிடும் என்பது எங்கள் அப்பா காலத்துச் சட்டம். என் கல்யாண மோதிரத்துக்கே இன்னும் நூல் சுற்றியிருக்கிறது. நான் எப்போது வளர்வேன் என்று என் மனைவி சரோஜா கேட்பதுண்டு.

நாலு வருஷத்துக்கு முன்னால் கலாவுக்குப் பதினெட்டு வயது, நாலடி ஒன்பது அங்குலம். காலேஜுக்குச் சைக்கிளில்தான் போவாள், பஸ்ஸை முந்துவாள். அந்த வருஷம் பெண்களுக்கும் ரோடு ரேஸ் உண்டு என்று ஒரு சைக்கிள் சங்கம் அறிவித்தது. சங்கத்தின் பேரை எழுத மாட்டேன், எழுதினால் அவர்களுக்கு விளம்பரம். அடையாற்றிலிருந்து பெருங்குடி தாண்டிப் போய்த் திரும்புவது. முதல் மூன்று பேரை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்புவார்கள். கலா பேர் கொடுத்தாள். சங்கச் செயலாளர் என்னைப் பார்த்து, “ரேஸ்னா ரேஸ் வண்டி வேணும் மிஸ்டர். அடையாறுல ஒருத்தர் ஊரைக் காலி பண்றார், ஃபாரின் வண்டி, விடாதீங்க” என்றார். போய்ப் பார்த்தேன். ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், பளபளவென்று சிவப்பு பெயிண்ட். உயரமாக இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. “சீட்டை இறக்கிக்கலாம், தவிர வளர்ற பொண்ணுதானே” என்றார் செயலாளர். பதினெட்டு வயசுக்கு மேல் எங்கே வளர்வது? ஆனால் அந்த வார்த்தை எங்கள் வீட்டு வார்த்தை. தலையாட்டி வாங்கிவிட்டேன்.

பாய் அந்த வண்டியைத் தொடவே இல்லை. “பொண்ண அளந்தியா?” என்றார்.

பெண் பிள்ளைகளை அவர் அளக்க மாட்டார். கடைக்குப் பின்னால்தான் வீடு, நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் அவர் சம்சாரம் மெஹருன்னிசா அளந்து சத்தமாகச் சொல்ல, இந்தப் பக்கம் பாய் சாக்பீசும் கையுமாக நிற்பார். அன்றைக்கும் அப்படித்தான்.

“கால் இருவத்தாறு!”

“அரையா?”

“அரை இல்ல, சரியா இருவத்தாறு. ஏ பொண்ணே, ஆடாதே!”

“கூசுது பாயம்மா!” இது கலா.

“ரேசு ஓட்டப் போறவளுக்குக் கூச்சம் இன்னாடி? தோள் பதிமூணு. கை சொல்றேன் இரு.”

பாய் எல்லாவற்றையும் சுவரில் எழுதினார். பிறகு வண்டியின் மேல் பாருக்கு டேப் பிடித்து, டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். வெளியே முனை டீக்கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் பேசினார். பெண் காதில் விழக் கூடாதாம்.

“வண்டிக்கி வளரத் தெரியாது சார். பொண்ணும் வளந்து முடிச்சிச்சி. அப்போ யாரு அட்ஜஸ்ட் பண்றது? அதும் முதுவு. இத்தக் குடுத்துடு. ரெண்டு மாசம் டைம் குடு, எங்கியாவது ஒரு சின்ன ஃபிரேமு தேடிக்கினு வரேன்.”

“ரேஸுக்கு மூணு வாரம்தான் பாய் இருக்கு. நீங்க வெட்டி ஒட்டிக் குடுத்துடுங்களேன்.”

“வேணாம் சார். நான் ஒட்டினா நிக்கும், அது பிரச்சன இல்ல. ஆனா பாக்கறவன் கண்ணுக்கு அது வெட்டின வண்டி. நாளைக்கி ஒண்ணுன்னா மொத கேள்வி அங்கதான் வரும்.”

“பொண்ணு ஆசைப்படறா பாய்.”

“அடுத்த வருசம் ஓட்டட்டும். ரோடு எங்கியும் போவாது.”

எனக்கு அவசரம். நானே வாங்கின வண்டி வீட்டுத் தாழ்வாரத்தில் சும்மா நின்றால் தினமும் அது என்னைப் பார்க்கும். “முடியாதுன்னா சொல்லிடுங்க பாய். மவுண்ட் ரோடுல வேற ஆள் இருக்காங்க” என்றேன்.

போன முட்டியோடு உட்கார்ந்து வேலை செய்கிற ஒருவரிடம் நான் சொன்ன வார்த்தை அது. பாய் பாதி டீயை அப்படியே பெஞ்சில் வைத்தார். “கொண்டா” என்றார்.

பத்து நாள் அந்த வண்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உயரத்தில் மூன்று அங்குலம், நீளத்தில் ஒன்றரை அங்குலம் எடுத்தார். நீளத்தைக் குறைத்தால் வளைவில் திரும்பும்போது கால் கட்டைவிரல் முன் சக்கரத்தில் இடிக்கும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்காக ஒரு சின்ன வண்டியிலிருந்து பெடல் மாட்டுகிற குட்டையான கிராங்க்கைத் தேடிப் பிடித்துப் போட்டார். கொம்பு ஹேண்டில்பாரை எடுத்துவிட்டு கலாவின் தோள் அகலத்துக்கு ஒன்று வைத்தார். அவள் விரல் எட்டுகிற மாதிரி பிரேக் பிடியை உள்பக்கம் வளைத்தார். எல்லாம் ஆன பிறகு, அந்த ஆறடி ஒரு அங்குல மனுஷர் பெடல் மேல் ஏறி நின்று, ஒட்டுப் போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு, ஏழெட்டுத் தடவை குதித்தார். சந்தில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒட்டு அசையவில்லை.

கலா குளத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு போனாள். இரண்டாவது ரவுண்டில் எங்களைத் தாண்டும்போது ஒரு கையை எடுத்துவிட்டு, திரும்பிப் பார்த்து ஆட்டினாள். அதற்கு முன் எந்த வண்டியிலும் அவள் ஒரு கையை எடுத்து நான் பார்த்ததில்லை. அவளும் தொங்கிக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறாள், அப்பாவைப் போலவே, சிரித்துக்கொண்டே.

“பாத்தியா,” என்றார் பாய். “இப்போ கை எட்டுது.” கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வெட்டி எடுத்த குழாயில் ஒரு துண்டை என் கையில் கொடுத்தார். “வச்சிக்க. அடுத்த தபா வாங்கச் சொல்ல இத்தப் பாரு.”

ரேஸ் அன்று அடையாற்றில் நல்ல கூட்டம். பாயும் ரிப்பேர் சாமான் பெட்டியோடு வந்திருந்தார். சபாரி சூட்டும் விசிலுமாகச் செயலாளர் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கலாவின் வண்டியில் ஒட்டுப் போட்ட இடத்தில் விரலை வைத்தார்.

“இது அந்த ஃபாரின் வண்டி இல்ல? யார் இதை வெட்டினது?”

“நான்தான் சார்,” என்றார் பாய்.

“வெட்டலாமா வேணாமான்னு முடிவு பண்ண நீ யாருய்யா? உனக்கு என்ன படிப்பு? யார் சொல்லி வெட்டின?”

பாய் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. சாதாரணமாகப் பார்த்தார், பேசப் போகிறாயா என்று கேட்கிற மாதிரி. பக்கத்தில் கலா நின்றுகொண்டிருந்தாள். நான் முன் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன்.

“என் முடிவுதான் சார்,” என்றார் பாய். “குதிச்சுப் பாரு. நிக்கும்.”

“உன்னை மாதிரி ஆளுங்களாலதான்யா பிள்ளைங்க சாவறாங்க.” அத்தனை பேர் முன்னால் சொன்னார். வெட்டிய வண்டி கூடாது என்று அவர்கள் கொடுத்த தாளில் ஒரு வரி கிடையாது. நான் நாலு தடவை படித்திருக்கிறேன். அதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கலாவுக்குச் சங்கத்து வண்டி ஒன்றைக் கொடுத்தார்கள். உயரம். சீட்டை அடிவரைக்கும் இறக்கியும் நுனிக்கால்தான் பெடலில் பட்டது. கை நீண்டு, தோள் காதுக்கு வந்துவிட்டது. பாய் குறுக்கே வந்து, “பாப்பா, வேணாம். இத்த ஓட்டாதே” என்றார். விசில் ஊதிவிட்டார்கள். அவள் போய்விட்டாள்.

பெருங்குடியில் எருமைகள் ரோட்டைக் கடந்தன. முன்னால் போனவர்கள் பிரேக் பிடித்துக் காலை ஊன்றி நின்றார்கள். கலாவும் பிரேக் பிடித்தாள். காலை விட்டாள். தரை இல்லை. தோள் எலும்பு இரண்டாக உடைந்தது.

இனிமேல் சொல்வதைச் சிரிக்காமல் படியுங்கள். ஒரு வாரத்துக்குள் ஊரெல்லாம் வேறு கதை. பாய் வெட்டி ஒட்டிய வண்டி நடுரோட்டில் உடைந்து பெண் விழுந்துவிட்டாள் என்று. யார் கிளப்பினார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கேட்ட யாருக்கும் சந்தேகம் வரவில்லை. படித்தவர் கொடுத்த வண்டியிலிருந்து எப்படி விழுவாள், சந்துக்கடை பாய் வெட்டினதுதான் உடைந்திருக்கும். சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க அவரிடம் வரிசையில் நின்ற ரேஸ் பையன்கள் ஒருத்தன்கூட அப்புறம் அந்தச் சந்துப் பக்கம் வரவில்லை. வெட்டுக்கார பாய் என்று பேர் வைத்தார்கள். கேட்டவர்களிடம் நான் இல்லை இல்லை என்றுதான் சொன்னேன். டெஸ்பாட்ச் குமாஸ்தா தணிந்த குரலில் சொல்கிற இல்லை எந்த ஊருக்குப் போய்ச் சேரும்?

கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த கலாவைப் பார்க்கப் பாய் சாத்துக்குடியோடு வந்தார். வாசல் நிலையில் குனிந்து, ஸ்டூலில் முட்டியை நீட்டி உட்கார்ந்தார். சரோஜா காபி எடுக்க உள்ளே போனதும் நான் ஆரம்பித்தேன்.

“பாய், அன்னிக்கி நான்…”

“வண்டி எங்க சார்? கொண்டா,” என்றார். “ரேசு வண்டின்னு பெல்லு வெக்கல. இனிமே ரோட்டுலதான ஓட்டப் போவுது பாப்பா. பெல்லு கட்டறேன்.” கட்டினார். அடித்தும் பார்த்தார். கலா படுக்கையிலிருந்து, “இன்னும் ஒரு தடவை அடிங்க பாய் மாமா” என்றாள்.

அந்த வண்டியில்தான் கலா இன்றைக்கும் அடையாற்றில் அவள் ஆபீசுக்குப் போய் வருகிறாள். நாலு வருஷம், மழை வெயில் எல்லாம் பார்த்தாயிற்று. ஒட்டுப் போட்ட இடத்தில் பெயிண்ட் கூட உரியவில்லை.

இப்போது அந்தப் பொய். தி. நகர் கூட்டத்தில் அதே செயலாளர் மைக் பிடித்தார். சந்துக்கடைக்காரருக்குச் சங்கம் இரங்கல் கூட்டம் போடுவது அவர்களுக்கே பெருமையாக இருந்தது. “பாய் நல்ல கை வேலைக்காரர். குள்ளமானவர்களுக்கெல்லாம் கண்கண்ட தெய்வம்” என்றார். சிரிப்பு. “வாழ்க்கையில் ஒரே ஒரு சறுக்கல். ஒரு பெண் பிள்ளையின் எலும்பு முறிந்தது. அதை நாங்கள் என்றைக்கோ மன்னித்துவிட்டோம்.”

மன்னித்துவிட்டார்களாம்.

நான் எழுந்தேன். எழுந்தது யாருக்கும் தெரியவில்லை, உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சமமாகத்தான் இருந்தேன். நாற்காலி மேல் ஏறினேன். “என் பொண்ணு விழுந்தது நீங்க குடுத்த வண்டியிலேர்ந்துய்யா! உங்க வண்டி! அவர் ஓட்டாதேன்னு குறுக்க வந்தாரு, நீங்க விசிலை ஊதினீங்க! யார் யாரை மன்னிக்கறது?” என் குரல் அவ்வளவு போகும் என்று எனக்கே தெரியாது. கலாவும் எழுந்தாள். “நான்தான் அந்தப் பொண்ணு. அவர் வெட்டின வண்டி வாசல்ல நிக்குது. யாருக்குக் குதிச்சுப் பாக்கணுமோ போய்ப் பாருங்க” என்றாள். பாதிக் கூட்டம் வாசலுக்குப் போய்விட்டது. செயலாளர் தண்ணீர் குடித்தார். வெளியே யாரோ அந்த பெல்லை அடித்துக்கொண்டே இருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது கலா, “சூப்பர்ப்பா” என்றாள். ஆறடி உயரத்தில் நடந்துபோனேன்.

மறுநாள் என் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். கடைக் கதவைப் பாதி திறந்து வைத்திருந்தார்கள். சுவரில் சாக்பீஸ் கோடுகள் அப்படியே இருந்தன. இருபத்தாறு என்பதும் இருந்தது. என் வண்டியை ஓவராயில் செய்து, துடைத்து, கேரியரில் என் பேர் எழுதிய சீட்டைக் கட்டி வைத்திருந்தார் பாய். சொன்ன மூன்றாவது நாளிலேயே முடித்திருக்கிறார். நான் திட்டப் புறப்பட்டபோது வண்டி தயாராகத்தான் இருந்திருக்கிறது.

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெஹருன்னிசா பேசினார். புருஷன் போனால் அவர்கள் வழக்கப்படி இருக்கிற இத்தாவில் இருக்கிறார், வெளியே வர மாட்டார். அளவு சொன்ன அதே குரல், சத்தம் மட்டும் இல்லை.

“நேத்து நீங்க பேசினீங்களாமே சார். முனுசாமி வந்து சொன்னான். நல்லாருங்க.”

“அதெல்லாம் என்னம்மா…”

“ஒண்ணு கேக்கணும் சார். அவரு அந்த வண்டிய வெட்டக் கூடாது, வெட்டினா பேரு கெடும்னு அன்னிக்கி ராவெல்லாம் என்கிட்ட சொல்லிக்கினு இருந்தாரு. மறுநாள் பாத்தா ரம்பத்த எடுத்துக்கினு குந்தினு கீறாரு. ஏன்னு கேட்டேன், சொல்லல. நாலு வருசமா கேட்டேன். யாரு சொல்லி வெட்டினாரு? உங்களுக்குத் தெரியுமா?”

நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். முந்தின நாள் நாற்காலி மேல் நின்று கத்தியவன். “வண்டி நல்லா இருக்கும்மா, வரேன்” என்று சொல்லிவிட்டு உருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

லஸ் முனையில் போலீஸ்காரர் கை காட்டினார். காலைக் கீழே விட்டேன். பத்து வருஷமாக என் நுனிவிரல்தான் தரையைத் தொடும். அன்றைக்குப் பாதிப் பாதம் பதிந்தது. குனிந்து பார்த்தேன். சீட்டுக் கம்பியில் பழைய துரு வளையம் மறைந்து, சீட் அரை அங்குலம் கீழே இருந்தது. கொஞ்ச நாளாக நிறுத்தும்போது எனக்குக் கால் தடுமாறுகிறது. யாரிடமும் சொல்லவில்லை, சரோஜாவிடம்கூட. வண்டியை விட வந்த அன்றைக்கு நான் இறங்கினதைப் பார்த்தே கண்டுகொண்டிருக்கிறார். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. அந்த அரை அங்குலம், அப்புறம் என் மேஜை மேல் பேனா போட்டு வைத்திருக்கிற ஒரு துண்டுக் குழாய். செயலாளர் மேல் இருக்கிற கோபம் எனக்கு ஆயுசுக்கும் போகாது. ஆனால் வெட்டியது பாயின் முடிவுதான் என்பதை மட்டும் அவர் நிஜமாகவே நம்பியிருக்கலாம். அடையாற்றில் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். சாதாரணமாகவே நாலடி பதினோரு அங்குலம், மகள் முன்னால் அதற்கு மேலும் குறைய அன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. என் அளவைக் காப்பாற்ற அந்த உயரமான மனுஷர் தன் பேரைக் கொடுத்தார்.

திரைக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் காத்துக்கொண்டிருந்தபோது நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி: வெட்டச் சொன்னது நான்தாம்மா.